மாப்பிள்ளையின் கடைசிக் குழல்

பொண்ணு தயார். மாப்பிள்ளை மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் தயார். இந்த நேரம் பார்த்துத்தான் தெர்மாமீட்டர் தரையில் விழுந்து உடைந்தது.

"இப்ப என்னய்யா பண்றது?" என்றார் மேனேஜர்.

"விரல் இருக்குல்ல சார்," என்றார் ஐஸ்காரர்.

மீன்குஞ்சுப் பண்ணையில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆண் மீனின் விந்தை மெல்லிய குழல்களில் அடைத்து, திரவ நைட்ரஜன் கேனுக்குள் உறைய வைத்துக் காப்பது அவர் வேலை. இந்தக் கொடுவா மீன் இருக்கிறதே, அது ஒரு தினுசான பிறவி. ஆணாக வாழ்க்கையைத் தொடங்கி, வயதும் எடையும் ஏறியதும் பெண்ணாக மாறிவிடும். ஆணாக இருக்கும்போதே எடுத்து வைத்தால்தான் உண்டு.

கேனில் இருந்தது 'மாப்பிள்ளை'யின் விந்து. பெயர் வைத்தது ஐஸ்காரர்தான். அப்படி ஒரு மிடுக்கு, நோயே அண்டாத உடம்பு. குளத்தோரம் அவர் குனிந்தால் போதும், எம்பி வந்து சட்டையின் இரண்டாவது பட்டனைக் கவ்விக்கொண்டு போய்விடும். இரண்டு வருடம் முன்பு மழையில் கரை உடைந்து, மாப்பிள்ளை வெள்ளத்தோடு போய்விட்டது. அன்று ஐஸ்காரர் சாப்பிடவில்லை. அதன் ஞாபகமாக மிஞ்சியது மூன்றே குழல்கள்.

"அவனோட ஒரு குஞ்சையாவது கண்ணால பாத்துடணும் சார். வேற ஆசை இல்ல எனக்கு," என்று மேனேஜரிடம் நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

போன வாரம்தான் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு பெரிய பெண் கொடுவா வந்தது. வயிறு நிறைய முட்டை, உடம்பு நிறையத் திமிர். காலையில் மயக்க மருந்துத் தொட்டிக்கு மாற்றும்போது ஐஸ்காரர் மேலேயே பாய்ந்து சட்டையைப் பதம் பார்த்துவிட்டது. "புகுந்த வீட்டு மரியாதை தெரியாத பொண்ணு," என்று திட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

உறைந்த குழலை வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்க வேண்டும். சூடு கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு. ஐஸ்காரர் விரலை விட்டுப் பார்த்து, "பக்குவமா இருக்கு," என்று முதல் குழலைப் போட்டார். மைக்ராஸ்கோப்பில் ஒரு அசைவும் இல்லை. சில்லிட்ட விரலுக்குப் பச்சைத்தண்ணீரும் வெந்நீராகத்தான் தெரியும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மேனேஜர் சும்மா இருந்திருக்கலாம். டீ போடும் கெட்டிலோடு உதவிக்கு வந்தார். இரண்டாவது குழல் அவிந்தே போனது.

கடைசிக் குழல் கேனில் கிடக்க, ஐஸ்காரர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"இந்தாம்மா, காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டரை எடுத்துட்டு ஓடி வா."

"யாருக்குங்க காய்ச்சல்?"

"நம்ம மாப்பிள்ளைக்கும்மா. கடைசிக் கட்டம். லேட் பண்ணாத." போனை வைத்துவிட்டார்.

அவர்களுக்கு ஒரே மகள், போன வருடம்தான் கல்யாணம். மனைவி மூச்சிரைக்க வந்து சேர்வதற்குள் மகளுக்குப் போன் போட்டாயிற்று. மகள் அழுதபடி புருஷனுக்குப் போட்டாயிற்று. ஆபீசில் நிம்மதியாக இருந்த நிஜ மாப்பிள்ளை, தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு லீவு கேட்டாயிற்று.

"மீனுக்கா? நீங்க திருந்தவே மாட்டீங்களா?" என்றாள் மனைவி. ஆனாலும் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் பிடித்தாள். "முப்பத்தேழு. காய்ச்சல் இல்ல."

கடைசிக் குழலை உருக்கினார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஓடுதும்மா... ஓடுது. எல்லாம் அவன் பசங்க." கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

அவளுக்கும் மனசு இளகிவிட்டது. அவர் கன்னத்தைத் துடைத்தவளின் கை சட்டையில் வந்து நின்றது.

"பட்டன் எங்க?"

"அதை விடு. காலையில அந்தப் பொண்ணு பிடுங்கிட்டா."

மேனேஜர் மீனின் வயிற்றை மெல்ல நீவி, முட்டைகளைப் பேசினில் எடுத்தார். "ம், ஊத்துய்யா."

ஐஸ்காரர் விந்துக் கிண்ணத்தைச் சாய்க்கப் போனார். மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை இருந்த காலத்தில் வாராவாரம் பட்டன் தைத்தவள் அவள். இந்த இரண்டு வருடமாக ஊசியைத் தொட வேலையே வரவில்லை. மயக்கத்தில் கிடந்த மீனை ஒரு பார்வை, சட்டையை ஒரு பார்வை பார்த்தாள்.

"பொறுங்க. போனது ரெண்டாவது பட்டன். உங்க மாப்பிள்ளை சாகலீங்க... அம்மா ஆகப் போறாரு."