மிருணாளினி வந்தால் விலை இறங்கும்

வில்லியே லே பெல்,
வியாழக்கிழமை.

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க அத்தான் அவர்களுக்கு,

கொக்குவிலில் நீங்களும் அக்காவும், அக்காவின் முழங்காலும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டி, அவர் தயவில் நாங்களும் இங்கே குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம் என்பதை அறியத் தருகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று யோசிப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்களுக்கு முன்னர் அக்கா வாசிப்பா. அக்கா வாசித்தால் பொழுதுபடுவதற்குள் கனடா முழுக்க வாசித்துவிடும். ஆகையால்தான் முத்திரை ஒட்டினேன்.

விஷயம் மிருணாளினியைப் பற்றியது. என் மகள் பொருளியலாளர் ஆகப் போகிறாள் என்று உங்களுக்குத் தெரியும். எப்படி ஆகப் போகிறாள் என்பதுதான் தெரியாது. இங்கே வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கிற ஒரு முறை இருக்கிறது. கிழமையில் பாதி நாள் கந்தோரில் வேலை, பாதி நாள் பல்கலைக்கழகம். படிப்புச் செலவு கந்தோரின் தலையில், அதற்கு மேல் சம்பளமும் தருவார்கள். கேட்டபோது அரசாங்கம் எங்கேயோ பிழை விட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பிள்ளை கதவு கதவாகத் தட்டி, கடைசியில் சந்தை விலைகளை ஆராய்கிற ஒரு சின்னக் கந்தோரில் இடம் பிடித்தாள். முதற் சில வாரங்கள் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் அனுப்பிவிடுவார்கள். அந்த வேலை போனால் பல்கலைக்கழக இடமும் கூடவே போய்விடும். இவ்வளவையும் நன்றாக விளங்கிக்கொண்டவன்தான் நான். விளங்கிக்கொண்டுதான் பின்வரும் காரியங்களைச் செய்தேன்.

இப்படிப் படிப்பவர்களை இங்கே பிரெஞ்சில் 'அப்ரந்தி' என்பார்கள். எங்கள் சனத்துக்கோ அப்ரந்தி என்றால் படிப்பு ஏறாமல் பேக்கரியில் பாண் போடவோ தண்ணீர்க் குழாய் பூட்டவோ பழகப் போன பிள்ளை. எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் சமைக்கிற சாப்பாட்டுக்கடைக்கு மரக்கறி தருகிற பிரசாந்தனிடம் போய், "என்ர மேள் அப்ரந்தியாச் சேர்ந்திட்டாள்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவன் வெண்டைக்காய் நிறுப்பதை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தான். "கவலைப்படாதேங்கோ அண்ணை. என்ர மச்சானும் படிப்பை விட்டிட்டுத்தான் பாண் போடப் போனவர். இப்ப சொந்தக் கடை." பக்கத்துக் கடை இந்திராதேவி அக்கா, "கெட்டிக்காரப் பிள்ளையெல்லோ, ஆற்றையோ கண்ணூறு" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தா. மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் துக்கம் விசாரித்தது. ஒருவர் என் மகளுக்கு என்று மா பிசைகிற மெஷின்கூட மலிவாகத் தர ஆயத்தமாக நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கடை கடையாக ஏறி இறங்கினேன். "பாண் இல்லை, பொருளியல்! கந்தோர் வேலையா இஞ்சை வந்து மரக்கறி விலை கேட்டு எழுதுவாள். எங்கடை பிள்ளை, பாத்து நடவுங்கோ." இவ்வளவுதான் அத்தான் நான் சொன்னது. இதில் ஏதாவது பிழை இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கோ.

எங்கள் ஆட்களிடம் 'எங்கடை பிள்ளை' என்று சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மிருணாளினி தெருமுனையில் வருவதைக் கண்டதும் பிரசாந்தன் பலகையில் எழுதியிருந்த முருங்கைக்காய் விலையைக் கையால் அழித்துவிட்டுக் குறைத்து எழுதினான். அதை எட்டிப் பார்த்த இந்திராதேவி அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. "அவன் மட்டுமோ மாமன்? நான் மாமியெல்லோ!" என்று அதற்கும் கீழே எழுதினா. அவன் கத்தரிக்காயைக் குறைக்க, இவ வெங்காயத்தைக் குறைக்க, கறிவேப்பிலைக்கு விலையே இல்லாமல் போய்விட்டது. வழியில் வந்த சனம் பலகையைப் பார்த்துவிட்டு அள்ளிக்கொண்டு போனது. அடுத்த முறை அவள் வருகிற நாளை எப்படியோ அறிந்து, தூரத்துச் செவ்ரானில் இருந்துகூட ஆட்கள் சில்லுப் பைகளை இழுத்துக்கொண்டு வந்து காலையிலேயே காத்து நின்றார்கள். "பொருளியல் பிள்ளை வந்திட்டுதோ?" என்று என்னிடமே விசாரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கந்தோரில் அவளுடைய மேலாளர் டேமியன் என்று ஒரு பெடியன். நாடு முழுக்க விலைவாசி ஏற, லா சப்பலில் மட்டும் படியிறங்குவதைக் கண்டு முதலில் துள்ளிக் குதித்தானாம். பிறகு சந்தேகம் வந்து, நாளைக்கு நானே நேரில் வருகிறேன் என்றானாம். அன்றைக்கு மிருணாளினி வீட்டுக்கு வந்து தமிழில் பேசினாள். சாதாரணமாகப் பிரெஞ்சில்தான் பதில் சொல்லுவாள், கோபம் முற்றினால்தான் தமிழ் வரும்.

"அப்பா, கடையளிலை என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை. பாத்து நடவுங்கோ எண்டு மட்டும்…"

"அப்பா! நான்தான் விலையைப் பாக்கோணும். விலை என்னைப் பாக்கக் கூடாது! இது பிழைச்சா என்னை அனுப்பிப்போடுவினம்!"

தாய்க்காரி வசந்தரூபி என் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து உள்ளே வைத்தாள். நான் உடனே பிரசாந்தனுக்கும் மற்றவர்களுக்கும் போன் போட்டேன். "நாளைக்கு அவளின்ர பெரியவர் வாறார். ஒண்டையும் குறைக்காதேங்கோ, உள்ள விலையைச் சொல்லுங்கோ." அத்தான், நான் சொன்னதில் பாதிதான் அவர்கள் காதில் ஏறியது. பெரியவர் வருகிறார் என்றதும் மற்றதெல்லாம் காற்றோடு போய்விட்டது.

டேமியன் சைக்கிள் தொப்பியோடு வந்து இறங்கினான். பிரசாந்தன் சோடா உடைத்துக் கொடுத்தான். இந்திராதேவி அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கி அவன் கையில் வைத்தா. அவன் விலை கேட்டான். "பிள்ளையின்ர பெரியவரிட்டைக் காசு வாங்குறதோ? சீச்சீ!" விலை எழுத வேண்டிய கட்டத்தில் என்னத்தை எழுதுவது என்று தெரியாமல் பாவம், பழத்தோடு விழித்தான். அதற்குள் செவ்ரான் சனம், "அப்ப எங்களுக்கும் சும்மாவோ?" என்று நெருக்க, நான் சட்டிகளைப் போட்டது போட்டபடி விட்டு, கையில் அகப்பையோடு தெருவுக்கு ஓடிவந்து, "உள்ள விலை! உள்ள விலையைச் சொல்லுங்கோ!" என்று கத்தினேன். இனி எல்லாம் போச்சுது என்று நினைத்தேன்.

கூட வந்திருந்த மிருணாளினி டேமியனுக்கு முன்னால் போய் நின்றாள். தான் கொண்டுவந்த விலைகள் சரியில்லை, பாவிக்க வேண்டாம் என்று பிரெஞ்சில் நேராகச் சொன்னாள். ஏன் என்று கேட்டான். கையை நீட்டி என்னைக் காட்டினாள். "இவர் என் அப்பா." அத்தான், எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் கண்ணும் கலங்கிவிட்டது. ஏதாவது மழுப்பித் தப்பியிருக்கலாம் அல்லவா? இடம் போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொன்னாளே, அதை நினைத்தால் இப்போதும் என் நெஞ்சு விம்முகிறது.

டேமியன் என்னையும் அகப்பையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வெங்காய மூட்டையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வேலை நிலைத்தது! பழைய விலைகளை எறிந்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். தெரிந்தவர் கேட்டால் விலை எப்படி மாறுகிறது என்பதையே அவள் தன் ஆய்வுக்கு எடுக்கட்டும் என்றும் சொல்லிவிட்டான். ஒரேயொரு நிபந்தனை, அவள் விலை எடுக்கிற நாட்களில் நான் அந்தத் தெருவில் காலே வைக்கக் கூடாது. இன்று அப்படியொரு நாள். அதனால்தான் லீவு போட்டுவிட்டு வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன்.

பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, இனி அவள் வேலையில் தலையிடுவதில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டேன். பெற்றவர்கள் சும்மா இருப்பதுதான் பிள்ளைகளுக்குச் செய்கிற பெரிய உதவி அத்தான். அனுபவப்பட்டவன் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் நெல்லும் நிம்மதியும் நிறைய, அக்கா படியேறி இறங்க, எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

என்றும் உங்கள் மைத்துனன்,
அரியநாயகம்

பி.கு.: மிருணாளினி தன் ஆய்வுக்காக மார்கழியில் உங்கள் பக்கத்துத் தின்னவேலிச் சந்தையிலும் விலை எடுக்க வருகிறாள். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றாள், ஆனபடியால் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டுப் பிள்ளை என்று கண்டால் யானை விலை குதிரை விலை சொல்லுவார்கள். மாமனாகிய நீங்கள் முதல்நாள் ஒரு நடை போய், அவள் யாருடைய மகள் என்று மட்டும் எல்லாக் கடையிலும் சொல்லி வைக்கவும்.