அபாயம் எடுத்த கார்ட்டூன் படம்

அன்று ஹாலில் இருந்தவர்கள் இவர்கள்: ஃபிலிம் சொசைட்டி செக்ரட்டரி சார், அவர் மனைவி, மெட்ராஸிலிருந்து வந்திருந்த தாடிக்கார வெள்ளைக்காரர், நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்து உட்கார்ந்தபடியே தூங்கிய இரண்டு என்ஜினியர்கள், கார்ட்டூன் என்று கேள்விப்பட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்த ஆறு அம்மாக்கள், அந்தப் பிள்ளைகள் பதினொன்று, ப்ரொஜெக்டர் ஓட்டுகிறவர், என் மனைவி, நான். அப்புறம், அத்தனை நாற்காலி காலியாகக் கிடந்தும் பின்சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்ற அபாயம். ஓர் உலகத் திரைப்பட விழாவுக்கு வந்த கூட்டம் இவ்வளவுதான். மந்தாரக்குப்பத்தில் ஒரு வெள்ளரிக்காய் வண்டி கவிழ்ந்திருந்தால்கூட இதைவிட நாலு பேர் அதிகம் சேர்ந்திருப்பார்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒருவர் எதிரே வந்தால் அத்தனை பேரும் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்கள் என்றால் அது அபாயத்துக்கு மட்டும்தான். மேலதிகாரி வந்தால் வணக்கம் வைப்பார்கள். கடன் கொடுத்தவன் வந்தால் இளிப்பார்கள். அபாயம் வந்தால் வாயை மூடிக்கொண்டு ஓடுவார்கள். வாயை மூடிக்கொள்வதுதான் முக்கியம். ஏனென்று சொல்கிறேன்.

அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கம்மாபுரம் பக்கத்து ஆள், தனிக்கட்டை. மின்கம்பத்திலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் மாட்டுகிற ‘அபாயம்’ போர்டு எழுதும் பெயிண்டர். சிவப்பில் எழுத்து, கீழே ஒரு மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு. மற்ற ஊர்களில் அந்த மண்டையோடு வெறும் மண்டையோடாக இருக்கும். எங்கள் ஊரில் அது யாராவது ஒருவராக இருக்கும். அச்சுத் தகடு வைத்து அடிப்பது தொழில் துரோகம் என்பது அபாயத்தின் கொள்கை. ஆள் பார்த்துத்தான் வரைவார். டீக்கடையில் நம்மை நிறுத்துவார்.

“தம்பி, கொஞ்சம் பல்லக் காட்டு.”

“எதுக்குண்ணே?”

“சும்மா காட்டு. தாடை நல்லா இருக்குது.”

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரில் நாம் தொங்குவோம், சதையில்லாமல். கேன்டீன் சூப்பர்வைசருக்கு முன்பல் இரண்டும் சற்று வெளியே வந்து விசாரிக்கும். அவரை வரைந்து மாட்டிய அன்று, அவர் மகளே ஸ்கூலுக்குப் போகிற வழியில் கம்பத்தைப் பார்த்து “அப்பா!” என்று கை காட்டினாள். அடுத்த மாதம் சூப்பர்வைசர் மஞ்சள்காமாலையில் படுத்தார். அதற்குப் பிறகு வரையப்பட்ட வெல்டருக்கு ஒரு விரல் போயிற்று. படித்தவர்கள், அதெல்லாம் தற்செயல் என்றார்கள். நான் எட்டாவதோடு நிறுத்தியவன். எனக்குக் காரணம் கேட்கத் தெரியாது, பயப்பட மட்டும் தெரியும். அவர் எழுதிய போர்டுகளைக் கொண்டுபோய் மாட்டுகிற ஹெல்ப்பர் வேலை எனக்கு வாய்த்தது. ஐந்து வருஷம் அவரிடம் பல் தெரியாமலேயே பேசிப் பழகினேன். பல் வலியா என்று மூன்று பேர் விசாரித்தார்கள்.

இந்தப் பயத்தின் மேல்தான் சுப்பையா விழுந்தான்.

சுப்பையா லைன்மேன். லீவு நாளில் முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு சீரியல் பல்பு கட்டப் போனான். தனியாகப் போக வேண்டாமே என்று என்னையும் கூப்பிட்டான். தூறல் போட்டது. “இறங்குடா” என்றேன். “இதோ, கடைசி முடிச்சு” என்றான். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மழை, ஈரக் கம்பம், கல்யாண அவசரம். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் ஏணி வழியாக வரவில்லை.

அதைப் பற்றி ஊரில் எல்லோரும் என்னிடம் ஒரு தடவை விசாரித்து ஓய்ந்தார்கள். அபாயம் மட்டும் ஓயவில்லை.

“கை எப்பிடி இருந்துச்சி தம்பி? விரிஞ்சிகினு இருந்துச்சா, மடங்கிகினு இருந்துச்சா?”

“விடுங்கண்ணே.”

“அந்தக் கம்பத்துலயே என் போர்டு இருந்துச்சில்ல? அதுக்குக் கீழ காலை வெச்சித்தான ஏறினான்? ஏன் பாக்கல? போர்டு நின்னுகினே இருக்குது. நின்னுகினு இருக்கறத எவன் பாக்கறான்? அது வுழுந்து காட்டணும்.”

போர்டு எப்படி விழுந்து காட்டும் என்று எனக்குப் புரியவில்லை. செக்ரட்டரி சாருக்குப் புரிந்தது. அவர் ஜெர்மனிக்கு ட்ரெய்னிங் போய் வந்த என்ஜினியர். வரும்போது ஒரு சாவி கொடுக்கிற சினிமா கேமராவும் சில டப்பா ஃபிலிமும் கொண்டுவந்திருந்தார். மெட்ராஸில் இருந்த வெளிநாட்டுத் தூதரகங்களில் இரவல் கேட்டு, ஏழு நாட்டுக் கார்ட்டூன் குறும்படங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்ட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். கம்பெனி எதுவும் சேராமல் தனி ஆளாக உட்கார்ந்து எடுத்த படங்களாம். எட்டாவதாக நம் நாட்டுப் படம் ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று அவருக்கு ஆசை. அதில் ஒரு தூதரகத்துத் தாடிக்காரரிடம் போனில் கேட்டாராம். அவர் நாட்டில் இந்த மாதிரிப் படங்களுக்காக வருஷா வருஷம் பெரிய விழா நடக்குமாம். ஐந்து நிமிஷத்துக்குக் குறையாமல் ஒரு படம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுத் தன் கையோடு எடுத்துப் போகிறேன் என்றாராம். அதற்கடுத்த வாரம் அவர் விமானம் ஏறுகிறார்.

“அஞ்சு நிமிசந்தான சார்? செஞ்சிடலாங்க” என்றார் அபாயம். பாதிரிக்குப்பம் தாண்டிக் கடலூர்கூடப் போகாத மனிதரின் படம் கடலைத் தாண்டப் போகிறது. அன்று முதல் அவர் சைக்கிளை மிதிக்கவில்லை. சைக்கிள்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம் வரைய வேண்டும் என்று செக்ரட்டரி சார் சொல்லிக் கொடுத்தார். கதை ஒன்றும் பெரிதில்லை. கம்பத்தின் உச்சியிலிருந்து ஒருவன் விழுகிறான். ஐந்து நிமிஷமும் விழுகிறான். கடைசியில் தரைக்கு வந்து சேருகிறான். அவ்வளவுதான்.

விழுவது எப்படியென்று பார்த்து வரைய ஓர் ஆள் வேண்டும். பார்த்த ஆள் நான் ஒருவன்தான்.

என் குவார்ட்டர்ஸ் பின்வாசலில், இலவம்பஞ்சு மெத்தை இரண்டைப் போட்டு, ஏணி மேல் என்னை ஏற்றினார். அபாயம் எதிரே முக்காலியில் அட்டையும் பென்சிலுமாக. ஒரு காம்பு நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

“வுழு.”

விழுந்தேன்.

“இவ்ளோ வேகமா வுழுந்தா எப்பிடி வரையறது? மெதுவா வுழு தம்பி.”

“மெதுவா எப்படிண்ணே விழறது?”

“மனசு வெச்சா முடியும். கீழ வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லு.”

பக்கத்து பிளாக்கிலிருந்து ஆட்கள் வந்து சுவரில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவர் வேர்க்கடலை கொண்டுவந்தார். “போன வாரம் இதைவிட நல்லா விழுந்தாப்ல” என்று விமர்சனமும் சொன்னார்கள். விழுந்து விழுந்து எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் அவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். விழுகிறவனுக்கு என் முகம்.

“அண்ணே, வேண்டாண்ணே.”

“ஏன்? சுப்பையா மூஞ்சிய வரைஞ்சா அவன் பொண்டாட்டி பாத்துச்சின்னா என்னா ஆவறது? பயத்துக்குன்னே பொறந்த மூஞ்சி தம்பி உன்னுது. இந்த டவுன்ஷிப்ல இன்னொண்ணு கெடையாது.”

“கடைசியில அவன் செத்துப் போறானே.”

“சாவாம எப்பிடி? அப்புறம் எவன் பயப்படுவான்?”

சூப்பர்வைசர் ஒரே ஒரு மண்டையோட்டுக்கு மஞ்சள்காமாலையில் படுத்தார். என்னை ஆயிரக்கணக்கில் வரைகிறார். என் கணக்குக்கு நான் எத்தனை தடவை சாக வேண்டும்? வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் புலம்பினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“படத்துலதான சாகப் போறீங்க? பிஎஃப் ஏதும் வராதில்ல?”

“வராது.”

“அப்ப பேசாம இருங்க.”

பேசாமல்தான் இருந்தேன். பகலில் மட்டும். படுத்தால் ஏணி ஆடியது. பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, “பிடி, பிடி” என்று கத்தினேனாம். இதற்கிடையில் அபாயம் படத்தை முடித்தார். செக்ரட்டரி சார் மெட்ராஸ் லேபில் கொடுத்துக் கழுவி வாங்கிவந்து போட்டுப் பார்த்து, முழுசாக ஐந்து நிமிஷம் ஓடுகிறது என்று ஊரெல்லாம் சொன்னார். என்னை வந்து பார்க்கச் சொன்னார்கள். எனக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லி அனுப்பினேன். உண்மையும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹால் ஜன்னல்களில் கம்பளி கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். முதல் நாட்டுப் படத்தில் ஒருவன் நாற்காலிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். அது தளிர்விட்டு மரமாகி அவனை விழுங்குகிறது. இரண்டாவதில் இரண்டு கைகள் ஒரு ரொட்டிக்குச் சண்டை போட்டுக் கடைசியில் விரல்கள் மட்டும் மிஞ்சுகின்றன. மூன்றாவது நாட்டில் ஒரு கறுப்புக் கோடு எல்லோரையும் அழித்துக்கொண்டே போகிறது. தனி ஆளாக உட்கார்ந்து படம் எடுத்தால் இப்படித்தான் புத்தி போகுமோ என்னவோ, ஏழு நாட்டிலும் செத்துக்கொண்டே இருந்தார்கள். நாலாவது நாட்டில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, ஆறாவது நாட்டில் எல்லாக் குழந்தைகளும் அழுதன.

“என்ன சார் இது, கார்ட்டூன்னு சொன்னீங்க?” என்று ஓர் அம்மா இருட்டில் கேட்டார்.

“இது உலகத் தரம்மா” என்றார் செக்ரட்டரி சார்.

“அது சரி, இவனுக்கு இன்னிக்கு ராத்திரி யாரு சார் சோறூட்டறது?”

எட்டாவது படம். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்தாள்.

கம்பம். மழைக் கோடுகள். உச்சியில் ஒருவன் கம்பியில் முடிச்சுப் போடுகிறான். திரும்பினான். நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி. சப்பை மூக்கு, கத்தரிக்காத மீசை. அபாயம்!

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அபாயமேதான். வழுக்கினார், விழுந்தார். மெதுவாக, மனசு வைத்து விழுந்தார். என் கை, என் இடுப்பு, என் கால். முகம் மட்டும் அவருடையது. விழுந்தபடியே கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தக் காலையில் ஹாலில் கேட்ட முதல் சிரிப்பு அது. கீழே, கம்பத்தடியில், ஏணியைக் கட்டிப் பிடித்தபடி கோட்டோவியமாக ஒருவன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சட்டிக் கைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அது நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் இன்னும் பாதிக் கம்பம்கூடத் தாண்டவில்லை. திரை வெள்ளையாகிவிட்டது. ஒரு நிமிஷம் ஓடியிருந்தால் அதிகம்.

விளக்கைப் போட்டார்கள். தாடிக்காரர் எழுந்து செக்ரட்டரி சாரிடம் இங்கிலீஷில் என்னவோ கேட்டார். சார் பின்னால் திரும்பினார்.

“ரொம்ப நல்லா இருக்குங்கறார்யா. மீதி எங்கேன்னு கேக்கறார்.”

“மீதி இல்லீங்க.”

“இல்லைன்னா? அஞ்சு நிமிஷம் நானே போட்டுப் பார்த்தேனே! அந்த ரீல் எங்க?”

“அது சரியா அமையலீங்க. மறுபடி எடுத்து, லாரிக்காரர் கையில மெட்ராசுக்குக் குடுத்தனுப்பிக் கழுவி வாங்கினேன். நடுவுலயே ஃபிலிம் தீந்துபோச்சிங்க.”

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு ஃபிலிம் ஜெர்மனியில்தான் இருந்தது. தாடிக்காரர் நல்ல மனிதர்தான். விதி ஐந்து நிமிஷம், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று வருத்தப்பட்டார். அபாயத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாடிக்காரர் உள்ளங்கையில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது. ஏழு நாட்டுப் பெட்டிகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எட்டாவது ரீலை அபாயம் டிஃபன் டப்பாவில் போட்டு மூடினார்.

என் மனைவியை முன்னே போகச் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன அவரோடு நடந்தேன்.

“ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?”

“உன் வூட்டுக்காரி பால் பூத்துல என்னைப் புடிச்சிகிச்சி. நீ தூங்கறதே இல்லியாம். எழுந்து குந்திகினு கத்துறியாம். மானம் போவுதுன்னு சொல்லிகினு அழுவுது.”

அவள் அழுதாள் என்பதே எனக்குப் புதிய செய்தி.

“வேற எவன் மூஞ்சியாவது போட்டிருக்கலாமே?”

“எவன் மூஞ்சிய? அவனும் ஒரு வூட்டுல படுத்துத் தூங்கறவன்தான? யோசிச்சேன். பொண்டாட்டி புள்ள இல்லாத மூஞ்சியா பாத்து, கண்ணாடிய எதுர்ல வெச்சிகினு வரைஞ்சேன்.”

“பழைய ரீலு?”

“அடுப்புல போட்டேன். நீ சீக்கிரம் வேவல தம்பி. ஒரே நாத்தம்.”

சிரிக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

“வெளிநாடு போயிருக்கும்ண்ணே அது.”

“போயிருக்கும்.” சைக்கிள் பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் என்றைக்குமே பேசவில்லை.

“உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?”

“ஆவட்டுமே. நான் வுழுந்தா எவன் தூங்காம கெடக்கப் போறான்?”

சொல்லிவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டார். கொஞ்சம் நின்று, அதற்குப் பதிலை என்னிடம் கேட்டிருக்கலாம்.