ஸ்க்ரூவுக்குத் தனி வரி

"ஐயா, மறுபடியும் தள்ளிப்போச்சு" என்று மந்திரி போனில் சொன்னபோது, அந்த கேம் மெஷின் அவர் காலடியில், மேசைக்கு அடியில்தான் இருந்தது. பெட்டி பிரிக்காமல், புத்தம் புதிதாக.

மந்திரி என்றால் நிஜ மந்திரி இல்லை. வீடியோ கேம் கடையில் சேல்ஸ்மேன். இறக்குமதி வரி ஏறும்போதெல்லாம், மெஷினுக்கு முன்கூட்டியே பதிவு செய்தவர்களைப் போனில் பிடித்து, விலை ஏன் கூடியது, ரிலீஸ் ஏன் தள்ளிப்போனது என்று விளக்குவது அவர் வேலை. நிதி மந்திரிகூட இத்தனை பொறுமையாகச் சொல்லமாட்டார் என்று கடையில் யாரோ வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. ஐம்பதை நெருங்கும் ஆள். தலையில் முன்பக்கம் மட்டும் கறுப்பு மை. பின்பக்கம் தடவிவிட ஒரு ஆள் வேண்டுமே.

"என்ன தம்பி, இந்தத் தடவை எதுக்கு வரி?" என்றார் போனின் மறுமுனையில் டிரைவர் ஐயா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்டீயரிங்கோடு வரும் அந்த மெஷினில் கார் ரேஸ் ஓட்டவேண்டும் என்று ஆசை.

"மெஷினுக்கு வரி குறைஞ்சிடுச்சுங்கய்யா. ஆனா ஸ்டீயரிங்கை வேற நாட்டுல செய்யறாங்க. அதுக்குத் தனி வரி."

"அவ்வளவுதானே? அதையும் சேர்த்துக் குடுத்துடறேன்."

இப்படி ஒரு வளைவு வரும் என்று மந்திரி எதிர்பார்க்கவில்லை.

"அது மட்டும் இல்லைங்கய்யா. ஸ்க்ரூ."

"ஸ்க்ரூவா?"

"ஸ்டீயரிங்ல இருக்கிற ஸ்க்ரூ மூணாவது நாட்டுல செஞ்சது. அதுக்கு எவ்வளவு வரின்னு இன்னும் முடிவாகலை. முடிவாகற வரைக்கும் சரக்கு துறைமுகத்தை விட்டு நகராது."

"ஒரு ஸ்க்ரூவுக்காகக் கப்பலே நிக்குதா?"

"ஆமாங்கய்யா."

"அடப் பாவமே. சரி, நீ சாப்பிட்டியா?"

இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இத்தனை வரியும்.

ஆரம்பத்தில் எல்லாம் உண்மையாகத்தான் இருந்தது. அரசாங்கம் நிஜமாகவே வரியை ஏற்றியது, நிறுத்திவைத்தது, மறுபடி ஏற்றியது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மந்திரி எல்லோரையும் கூப்பிட்டு எல்லோரிடமும் திட்டு வாங்கினார். ஒருத்தர், "நீங்க என்ன சார், வாரத்துக்கு ஒரு விலை சொல்றீங்க, இது மெஷினா தக்காளியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். டிரைவர் ஐயா மட்டும் திட்டவே இல்லை. இருமினால் சளியா என்பார். குரல் இறங்கியிருந்தால் தூங்கலையா என்பார்.

பிறகு ஒருநாள் மெஷின் நிஜமாகவே வந்து இறங்கியது. எல்லோரும் வந்து வாங்கிப்போனார்கள். டிரைவர் ஐயாவுக்கும் சொல்லத்தான் மந்திரி போனை எடுத்தார். "சொல்லு தம்பி, உன் போனைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றது குரல். மெஷினைக் கொடுத்துவிட்டால் அடுத்த செவ்வாய்க்கிழமை என்ற ஒன்று ஏது?

பாவம், பெரியவர் தனிக்கட்டையாக இருப்பார் போல, பேச்சுத் துணை இல்லாமல் தவித்துப்போவார் என்று மந்திரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆளை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனாலும் அப்படி ஒரு இரக்கம். மந்திரியின் சொந்த அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்காருவார், மற்றதில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்து வந்ததும் டிவியைப் போடுவார், பார்ப்பதற்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கதவைத் தட்டினால் முகமெல்லாம் மலர்ந்து, "உள்ள வாங்களேன்" என்பார். அவர்கள் தட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

"பேசாம நானே கடைக்கு ஒரு எட்டு வந்து பார்க்கட்டுமா?" என்று ஒரு வாரம் டிரைவர் ஐயா கேட்டார்.

"வேண்டாங்கய்யா. பெயின்ட் அடிக்கிறாங்க. உங்களுக்கு வாசனை ஒத்துக்காது."

அடுத்த வாரம், "இன்னுமா அடிக்கிறாங்க?"

"ரெண்டாவது கோட்டிங்."

"பெரிய கடை போலிருக்கு" என்றார் அவர், சந்தேகமே இல்லாத குரலில்.

வினை கேஷியரம்மா வடிவத்தில் வந்தது. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்க்ரூ கதையைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தம்மாவிடம் ஒன்று போய்ச் சேர்ந்தால், தெருமுனையில் போர்டு மாட்டின மாதிரிதான். பில் போட வந்தவர்களிடமெல்லாம் குரலைத் தாழ்த்தி, "ஸ்க்ரூவுக்கு வரி வருதாம், விலை எங்கேயோ போகப் போகுது" என்றார். அவ்வளவுதான். சனிக்கிழமை கடையில் கால் வைக்க இடமில்லை. வீட்டில் டிவியே இல்லாத ஒருத்தர்கூட மெஷின் வாங்கிப்போனார்.

"யாருய்யா இந்த ஸ்க்ரூ வரியைக் கண்டுபிடிச்சது? அவன் கைக்கு மோதிரம் போடணும்" என்றார் முதலாளி. "உன் மேசைக்கு அடியில ஒண்ணு தூசி பிடிச்சுக் கிடந்துதே, அதையும் தள்ளிவிட்டுட்டேன்."

மந்திரி குனிந்து மேசைக்கு அடியில் ஒருதரம் பார்த்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை போனை எடுத்தார்.

"ஐயா, நிஜமாவே மெஷின் இல்லை."

"நிஜமாவேன்னா? அப்போ இத்தனை நாளா?"

"இத்தனை நாளா வரிங்கய்யா."

"சரி, மெதுவா வரட்டும். வானம் இருட்டிட்டு வருது, குடை எடுத்துட்டுப் போனியா?"

பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் உண்மையைச் சொன்னார். அதனால்தானோ என்னவோ குரல் நடுங்கியது.

அந்த வாரமே அரசாங்கம் வரியை நிஜமாகவே ஏற்றியது. முதலாளி மந்திரியைக் கூப்பிட்டார்.

"என்ன விலைக்கு விக்கறதுன்னே தெரியலை, இதுல புக்கிங் வேற. பழைய பேர் எல்லாத்தையும் அடிச்சுடு. இனிமே போனும் வேண்டாம். கேன்சல்னு மெசேஜ் தானாப் போயிடும்."

"அப்போ செவ்வாய்க்கிழமை நான் என்ன சார் பண்றது?"

"அலமாரியைத் துடை."

கேன்சல் என்ற மெசேஜ் மட்டும் போய்ச் சேர்ந்தால், அதோடு எல்லாம் முடிந்தது. மந்திரி எதிர்த்த தெருவில் இருந்த போட்டிக் கடைக்கு ஓடினார். ஒரே ஒரு மெஷின் மிச்சமிருந்தது. விலையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். விலை மாறவில்லை.

"ஏங்க இவ்வளவு?"

அந்தக் கடைப் பையன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியாது சார். ஸ்டீயரிங்ல இருக்கிற ஸ்க்ரூவுக்குத் தனி வரி போட்டிருக்காங்க."

"அப்படி யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது சார். நீங்க நியூஸ் பார்க்கறதில்லையா?"

தான் போட்ட வரியைத் தானே கட்டிய மந்திரி உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை முகத்தை மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு டிரைவர் ஐயாவின் விலாசத்தைத் தேடிப்போனார். வழியெல்லாம் ஒத்திகை. "வரி விலகிடுச்சுங்கய்யா. ஸ்டீயரிங்கை எப்படிப் பிடிக்கறதுன்னு நான் வந்து சொல்லித் தரேன். கத்துக்கக் கொஞ்ச நாள் ஆகும். ஞாயித்துக்கிழமையில வரட்டுமா?" முப்பது வருஷம் பஸ் ஓட்டினவருக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லித் தருவதில் உள்ள கோளாறு அவருக்கு உறைக்கவே இல்லை.

அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துகிடந்தன. பெரிசு, சிறிசு, நடக்கப் பழகும் குழந்தையுடையது, ஹை ஹீல்ஸ். ஒற்றை ஜோடியை எதிர்பார்த்து வந்த மந்திரி கதவு எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தார். சரியான எண்தான். மணியை அழுத்தினார்.

ஈரக்கையைத் துடைத்தபடி ஒரு பெண் வந்து கதவைத் திறந்தாள். உள்ளே ஏகப்பட்ட பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யாருங்க வேணும்?"

"கேம் கடையில இருந்து வரேங்க. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை போன் பண்ணுவேன்."

அவள் அவர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். வழிவிட்டு நகர்ந்து, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"மாமா, வாங்க. நாம மெஷின் வாங்கி மாசக்கணக்காச்சுன்னு சொல்லிட்டா, பேச ஆளில்லாமத் தவிச்சுப்போயிடுவாருன்னு சொல்வீங்களே, அவரு வந்திருக்காரு."