சொல்பவன், கடத்துபவள், எழுதுபவர்

சிலாங்கூர் ஆற்று மடையில் தண்ணீர் மூன்றாம் படியைத் தாண்டியதும் இருசப்பன் வாக்கிடாக்கியில் கத்தினான். "ஆயர் நாயேக்! ஆயர் நாயேக்!"

தண்ணீர் ஏறுகிறது என்பதை மலாயில்தான் சொல்ல வேண்டும். புது மானேஜர் போட்ட சட்டம். அந்த மகராசன் போட்டது அது ஒன்றா? மடைக்காரன் இருசப்பன் சொல்வான். ஆலையிலிருக்கும் கங்கா கேட்டதை அப்படியே கடத்துவாள். ஆபீசில் கிராணி சிவானந்தம் எழுதிக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பார். யாராவது திருப்பிக் கேட்டால் சீட்டுக் கிழியும்.

ஒலிபெருக்கி ஆற்றங்கரை வரை கரகரத்தது. "மடையிலேர்ந்து தகவல். ஐயர் நாய்! ஐயர் நாய்!"

கோயில் ஐயருக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. அந்த நாய்தான் எல்லாம். இருசப்பன் மறுபடி பொத்தானை அமுக்கினான். பள்ளத்து லயத்தில் அவன் மனைவி காளியம்மா நிறைமாதமாய் இருக்கிறாள்.

"நாய் இல்ல கங்கா, ஆயர்! வெறி புடிச்ச மாதிரி வருது லா!"

"ஒரே இரைச்சலா இருக்குண்ணே. கேட்டதக் கடத்திடுறேன்."

"மடையிலேர்ந்து தகவல். ஐயர் நாய்க்கு வெறி புடிச்சிருச்சு!"

இருசப்பன் தலையில் அடித்துக்கொண்டான். இனி சனம் வீட்டுக்குள் அடைந்துகொண்டு அப்படியே முழுகிச் சாகுமே!

"கதவச் சாத்த வேணாம்னு சொல்லு புள்ள! மேட்டுக்கு..." பேட்டரி செத்தது.

"எல்லாரும் கதவச் சாத்துங்க!" என்றது ஒலிபெருக்கி.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. வாக்கிடாக்கியை வீசிவிட்டுச் செம்பனைக் காட்டுக்குள் குறுக்கே ஓடினான். பின்னால் கரை உடைந்த சத்தம் கேட்டது. மேட்டிலேறித் திரும்பிப் பார்த்தபோது லயத்தில் கூரைதான் தெரிந்தது.

"காளியம்மா!" என்று கதறினான்.

"இங்கதாங்க இருக்கேன்!" மேட்டுக் கோயிலின் இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அவளைச் சுற்றி லயமே நின்றது. "கதவச் சாத்துன்னாங்க. நம்ம லயத்துல எந்தக் கதவுங்க சாத்துது? எல்லாம் கரையான் தின்னது. அதான் இங்க ஓடியாந்து சாத்திக்கிட்டோம்."

இருசப்பன் அழுதுகொண்டே சிரித்தான். மானேஜர் பேருக்கு ஒரு தேங்காய்கூட உடைக்கலாம் போலிருந்தது. ஐயரின் நாய் எங்கிருந்தோ வந்து அவன் காலை நக்கியது.

பக்கத்து வீட்டு வள்ளியம்மா கம்பிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னாண்ணே, தனியா வர்றீங்க? மடையிலேர்ந்து தகவல்னு கேட்டதும், நாயத் தேடிக்கிட்டு ஐயர் அங்கதானே ஓடி வந்தாரு?"