நிலாப்பனி பூத்த கல்

தாரம்பீனாவில் சனிக்கிழமை என்றால் ஊரே கால்பந்து மைதானத்தில் நிற்கும். அந்தக் குளிர்காலத்திலும் நின்றது. ஆனால் பந்தைப் பார்க்க யாருமில்லை. மைதானத்தை ஒட்டிய மன்றத்துக் கொட்டகை வாசலில் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. வண்டிக்கொரு குழந்தை, குழந்தைக்கொரு தூக்கம் கெட்ட தாய். உள்ளே லுமீரா அம்மையார் எழுந்தருளியிருந்தார்.

லுமீரா யார்? போன வருஷம் வரை பக்கத்து ஊரில் நாய்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவர். அப்போது பெயர் வேறு. இப்போது நிலாவின் தூதர். தாய்ப்பால் வரவில்லையா, இவர் வரவழைப்பார். அதற்கென்று ஒரு கல் வைத்திருந்தார். வெள்ளையாய், புளியங்கொட்டை அளவில், நீலப் பைக்குள் தைத்தது. அதைக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். பையை மட்டும் பிரிக்கவே கூடாது, பிரித்தால் பால் வற்றிவிடும். பிரித்துப் பார்க்காதே என்று எவர் சொல்கிறாரோ, அவரிடம்தானே நம் ஜனம் முதலில் ஓடும்.

"கண்ணை மூடிக்கிட்டே சொல்றேன், கேளுங்க. ஆயிரம் கூழாங்கல்லுக்கு நடுவுல போட்டாலும் என் கல்லைத் தொட்டு எடுத்துருவேன்" என்பார் லுமீரா. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும்.

அப்புறம் வைத்தியம். தாயை ஓர் இருட்டறைக்குக் கூட்டிப் போவார். மெத்தை நாற்காலியில் சாய்த்து உட்காரவைப்பார். கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வார். புருஷனைக் கதவுக்கு வெளியே நிறுத்துவார். தோளைப் பிடித்துவிடுவார். மார்பில் இளஞ்சூடாய் ஒரு துணியைப் போடுவார். குழந்தை போட்டுக் கழற்றிய சட்டையை மடியில் வைத்து முகரச் சொல்வார். கடைசியில், மறக்காமல், கல்லைக் கழுத்தில் மாட்டுவார். பால் கறக்கும் பம்பு வைத்தால் பால் பீய்ச்சி அடிக்கும். தாய்மார்கள் கல்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுவார்கள். பாவம், அந்தச் சூட்டுத் துணிக்கு ஒரு நன்றிகூடக் கிடையாது. காணிக்கை மட்டும் வாசலில் வங்கி அட்டை தேய்க்கும் கருவிக்குள் போய்க்கொண்டிருந்தது.

பிரியோனியும் அங்கே ஓடினாள். அவளைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. அவள் மகள் ஓடில் மாசம் நிறைவதற்கு முன்பே பிறந்து, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லை. தாயின் பால் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே போக வேண்டும். இவள் வீட்டில் கறந்து, பனிப்பெட்டியில் வைத்து எடுத்துப் போக வேண்டும்.

வீட்டில்தான் கேலம் இருந்தானே, அவள் புருஷன். நல்லவன். தலைமுறையாய் மாட்டுப் பண்ணைக்காரன். கறவைக் கொட்டகையில் யாராவது செருமினால்கூட, "மெதுவாடா, மாடு மிரண்டா பாலை அடக்கிக்கும்" என்பான். மாடுகளுக்கு வானொலியில் மெல்லிசை வேறு. அதே மகராசன் வீட்டுக்குள் வந்ததும் மனைவிக்கு எதிரே நாற்காலி போட்டு, புட்டியையே பார்த்துக்கொண்டு உட்காருவான்.

"இவ்ளோதானா வந்துச்சு?"

"இப்பதானே ஆரம்பிச்சேன், கேலம்."

"நான் ஒண்ணும் சொல்லல. நேத்து இன்னும் ஜாஸ்தி இருந்த மாதிரி இருந்துச்சு, அதான்."

பால் வருமா? அவளும் அடக்கிக்கொண்டாள். அடக்கினாள் என்றால் வேண்டுமென்றா? பயந்த உடம்பு தானே செய்கிற வேலை அது. மாட்டிடம் புரிந்தது மனைவியிடம் புரியவில்லை அவனுக்கு.

லுமீரா கல்லைக் கொடுத்து, "நம்பிக்கையில்லாத ஆம்பளை கண்ணு படக் கூடாது, கதவைச் சாத்திக்க செல்லம்" என்று அனுப்பினார். கேலம் வெளியே துரத்தப்பட்டான். பால் வந்தது. பெயரை யார் தட்டிக்கொண்டு போனது? கல்தான்.

இந்த இடத்தில் டிக்கர் என்கிற நாய் கதைக்குள் நுழைகிறது. பிரியோனி குளிக்கப் போகும்போது பையைக் கழற்றி வராந்தாக் கொக்கியில் மாட்டுவாள். பையில் பால் வாசனை. டிக்கர் எட்டி இழுத்துத் தையலைக் கடித்தது, கல் உருண்டது, லபக். கேலம் ஓடிவந்தபோது நாய் நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

அவனுக்கு உயிரே போய்விட்டது. மாட்டுக் கொட்டகைக்கு ஓடினான். மாடுகள் நக்குவதற்கு மாட்டியிருந்த உப்புக்கட்டியில் ஒரு துண்டு உடைத்துப் பைக்குள் வைத்து, சாக்கு தைக்கிற ஊசியால் தைத்தான். மனைவியிடம் மூச்சுவிடவில்லை. அன்று முதல் கையில் மண்வெட்டியோடு நாயின் பின்னாலேயே சுற்றினான். நாய்க்கு வெட்கமாகவே போய்விட்டது. இரண்டு நாளில் கல் வெளியே வந்தது. கழுவி வைத்தான். ஆனால் மாற்றவில்லை. ஏனென்றால் உப்புக்கட்டியைப் போட்டுக்கொண்டு பிரியோனி முன்னைவிட அதிகமாகக் கறந்துகொண்டிருந்தாள்.

உப்பு சும்மா இருக்குமா? ஈரம் பட்டு, நீலப் பையின்மேல் வெள்ளையாய்ப் பூத்தது. பிரியோனி பயந்துபோய் லுமீராவுக்குப் போன் போட்டாள்.

"அட செல்லம், அது நிலாப்பனி. லட்சத்துல ஒரு கல்லுக்குத்தான் பூக்கும். கல்லு முத்துது. பௌர்ணமி வரைக்கும் நீ கறக்கவே கூடாது. கறந்தா அந்தப் பால் குழந்தைக்கு ஆகாது. பௌர்ணமிக்கு வா, எழுப்புச் சடங்கு செய்யலாம். காணிக்கை கொஞ்சம் கூட ஆகும்."

பௌர்ணமிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. பிரியோனி பம்பை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அடுத்த நாளே மார்பு பாறையாய்க் கனத்துக் காய்ச்சல் தொட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டுச் சொன்னாள்: "இருக்கற பால் இன்னிக்கு ராத்திரிக்குத்தாங்க வரும். கறக்காம விட்டா உங்களுக்குச் சுரக்கறதே கொறஞ்சிரும்." பிரியோனி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கறந்தால் குழந்தைக்கு ஆபத்து, கறக்காவிட்டால் குழந்தைக்குப் பட்டினி. ஒரு துண்டு உப்பு ஒரு தாயை இந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

கேலம் தன் அக்கா டெஸ்ஸிடம் ஓடினான். டெஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். தினமும் ஒரு வண்டி நிறையப் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டுக் கேட்டு, எந்தப் பொய்யும் செல்லுபடியாகாத காது அவளுக்கு. அவன் எல்லாவற்றையும் கக்கினான்.

"அடப்பாவி, அவகிட்ட சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"சொன்னா பால் நின்னுருமோன்னு பயம் டெஸ். அந்த உப்புல ஏதோ இருக்கு."

"உப்புலயா? உன் தலையிலதான் ஒண்ணும் இல்ல. அந்தக் கல்லை எடு. இன்னும் மூணு துண்டு உப்பும் எடு. கொழந்தையோட சாக்ஸ் இருக்கா?"

அன்று சனிக்கிழமை. கொட்டகை நிரம்பி வழிந்தது. டெஸ், பூட்டிவைத்த பம்பையும் பையில் போட்டுக்கொண்டு, பிரியோனியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு கட்டைவிரல் நுழைகிற அளவில் நாலு குட்டி சாக்ஸை, வாய் கட்டி, லுமீராவின் மேசையில் பரப்பினாள்.

"அம்மா, எங்க வீட்டுல ஒரு குழப்பம். உங்க கல்லு கலந்துபோச்சு. இதுல ஒண்ணுலதான் இருக்கு. நீங்கதான் தொட்டாலே சொல்லிருவீங்களே, எடுத்துக் குடுங்க."

லுமீரா தயங்கினார். "எடுங்கம்மா, எடுங்க" என்று பக்தர்களே உற்சாகப்படுத்தினார்கள். வேறு வழியில்லாமல் கண்ணை மூடினார். கை நடுங்கியது, அதாவது நடுங்க வைத்தார்.

"இதோ. நிலா துடிக்குது பாருங்க. நல்லா முத்தின கல்லு."

டெஸ் பிரித்தாள். பழுப்பாய் ஒரு கட்டி. நாக்கில் வைத்துப் பார்த்தாள். "மாடு நக்குற உப்பு."

"பக்கத்துல ஒரு செத்த கல்லு இருந்து தடுக்குது" என்றார் லுமீரா. ஒரு சாக்ஸை மட்டும் எடுத்து மோந்து, முகம் சுளித்துத் தள்ளிவைத்தார். "இதான். இதுல உயிரே இல்ல, ஒரு கெட்ட வாடை. தூரப் போடுங்க." இன்னொன்றை எடுத்து நெற்றியில் ஒற்றினார். "இதுதான் என் கல்லு."

அதுவும் உப்பு. லுமீரா தள்ளிவைத்ததை டெஸ் பிரித்தாள். வெள்ளைக் கல் உருண்டு மேசையில் நின்றது.

"வாடை வருதுன்னீங்களே, அது மட்டும் உண்மை" என்றாள் டெஸ். "கேலம், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

கேலம் தொப்பியைக் கசக்கினான். பிரியோனி கழுத்துப் பையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப இதுக்குள்ள இருக்கறது என்ன?"

"உப்பு."

"கல்லு?"

"டிக்கர் எடுத்துருச்சு."

"டிக்கர்கிட்டயா இருந்துச்சு?"

"கிட்ட இல்ல. உள்ள."

பிரியோனி கல்லைப் பார்த்தாள். அதை மோந்து முகம் சுளித்த லுமீராவைப் பார்த்தாள். மகள் பிறந்ததிலிருந்து சிரிக்காதவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. வரிசையில் நின்றவர்களெல்லாம் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பெண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திடீரென்று பிரியோனி குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். இரண்டு ஈர வட்டங்கள் பரவிக்கொண்டிருந்தன.

"டெஸ், பால் எறங்கிருச்சு. பம்பைக் குடு, சீக்கிரம்."

"ஐயோ, எனக்கும்" என்றாள் பக்கத்தில் நின்றவள். "எனக்கும்டி" என்றது பின்வரிசை. கொட்டகை முழுக்கச் சட்டைகள் நனைந்தன. கல்லுமில்லை, நிலாவுமில்லை, பட்டப்பகல்.

"பாத்தீங்களா, என் கல்லோட சக்தி" என்று லுமீரா கடைசியாக ஒரு முறை குரல் எழுப்பிப் பார்த்தார்.

"எந்தக் கல்லும்மா? மாட்டோடதா, நாயோடதா?" என்று தரையில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள். சிரிப்பு அடங்கியபோது அம்மையாரும் இல்லை, அட்டை தேய்க்கும் கருவியும் இல்லை. சூட்டுத் துணிகள் மட்டும் இருந்தன. டெஸ் அதில் ஒன்றைப் பிழிந்து பிரியோனியின் மார்பில் போட்டு, தோளைப் பிடித்துவிட்டாள். புட்டி நிறைந்தது.

கேலம் மெல்ல எட்டிப் பார்த்தான். "எவ்ளோ..."

"வெளிய போடா" என்றாள் டெஸ்.

அவன் வெளியே போய்த் தன் வண்டி வானொலியில் மெல்லிசை போட்டான். இப்போதாவது புரிந்ததே. சாயங்காலம் பள்ளிப் பேருந்திலேயே பனிப்பெட்டி நகரத்துக்குப் போனது. அன்று ராத்திரி ஓடில் பட்டினி கிடக்கவில்லை.

ஊரில் இன்னும் சிலர், "என்ன இருந்தாலும் கல்லுல ஏதோ இருந்துச்சுங்க" என்கிறார்கள். இருந்தது, நானும் மறுக்கவில்லை. டிக்கர் அதை முழுசாக விழுங்கி, இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று வெளியே தள்ளிவிட்டது. நாய் விழுங்கியதே வெளியே வந்துவிட்டது, நீங்கள் விழுங்கியது எப்போது வரும்?