வராத வேலைக்கு ஒரு சாட்சி

மைக்கைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடுவே சாட்சி நேரம் உண்டு. அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். காய்ச்சல் விட்டது, பையன் பாஸானான், தொலைந்த ஆதார் கார்டு கிடைத்தது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எனக்கு மட்டும் சொல்கிற மாதிரி எதுவுமே நடக்காது. (பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்ததற்கு ஒரு தடவை சாட்சி சொல்லியிருக்கிறேன். யாரும் கைதட்டவில்லை.)

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. ரப்பர் வாஷரைக் கையில் எடுத்து, பிசிறு இருந்தால் ஒதுக்கிப் போட வேண்டும். அப்போது ஏழு வருஷமாக கான்ட்ராக்ட். எங்கள் லைனில் ஒரே ஒரு பர்மனென்ட் இடம் வந்தது. திங்கட்கிழமை காலை டெஸ்ட். லிஸ்டில் இரண்டே பேர்: நான், பக்கத்து ஸ்டூல் தேவகி. அவளுக்குப் பெரியபாளையம் பக்கம் கிராமம். வீட்டுக்காரருக்கு முதுகில் அடிபட்டு, ஒரு வருஷமாக அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. அவள் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள், நான் ஜெபம் பண்ணினேன். மத்தியானம் ஆனால் இரண்டு பேரும் குழம்பை மாற்றிக்கொண்டு சாப்பிட்டோம்.

டெஸ்ட்டுக்கு எட்டு நாள் முன்னால், ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் நம்பிக்கையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணியிருந்தார். கேட்டது கிடைத்துவிட்டதைப் போலவே நடந்துகொள்ளுங்கள் என்றார். மற்றவர்கள் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்தார்கள். எனக்குத்தான் தூக்கம் போனது. கிடைத்ததைப் போல என்றால் எவ்வளவு தூரத்துக்கு? மனசுக்குள் மட்டும் நினைத்துக்கொண்டால் போதுமா? வெளியே சொன்னால்தான் கணக்கா? சொல்லித்தான் பார்ப்போமே, என்ன ஆகிறது?

டெஸ்ட்டுக்கு முந்தின நாள், ஞாயிறு, மைக் என் பக்கம் வந்தது.

"கம்பெனில கர்த்தர் எனக்கு பர்மனென்ட் வேலை குடுத்துட்டாரு! ஸ்தோத்திரம்!"

"விசுவாசத்தில் சொல்கிறேன், இன்னும் கைக்கு வரவில்லை" என்று சேர்க்கத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. அதற்குள் கைதட்டல் கிளம்பி, கீபோர்டு அண்ணன் பாட்டையே எடுத்துவிட்டார். பாட்டு முடிந்ததும் பாஸ்டர், "இன்னைக்கு சாயங்காலம் எஸ்தர் சிஸ்டர் வீட்ல ஸ்தோத்திரக் கூட்டம்" என்று அறிவித்தார். எஸ்தர் நான்தான். என் வாழ்க்கையில் வாய் அடைத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

என் வீட்டுக்காரர் மோசஸ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அன்றைக்கு சவாரி இருந்ததால் சபைக்கு வரவில்லை.

"இன்னாமே, பர்மனென்ட் ஆயிட்டியாமே? வண்டில ஏறுனவங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது!"

"இன்னும் ஆவல."

"அப்ப சர்ச்சுல இன்னா சொன்ன?"

"ஆயிடுச்சுன்னு."

"பேஜாரா பூடுச்சு. ஸ்டேண்டு முழுக்க சொல்லிக்கினு வந்துட்டேனே!"

சாயங்காலம் பாஸ்டரோடு பன்னிரண்டு சகோதரிகள் வந்தார்கள். நான் கேசரி கிண்டியிருந்தேன். (குற்றவாளியே பந்தி போட்ட கதை.) முதல் பாட்டு முடிந்து கேசரித் தட்டு சுற்றி வரும்போது வாசலில் தேவகி நின்றாள். கையில் ஜாங்கிரி டப்பா, கண் சிவந்திருந்தது.

"எஸ்தரக்கா, கேன்டீன் அக்கா போன்ல சொல்லுச்சு. உங்க சர்ச்சுதான அவங்களும்? அழுவாம வரணும்னு பாத்தேன், பஸ்லயே அழுதுட்டேன். பரவால்லக்கா, உனக்கு வந்தா எனக்கு வந்த மாரிதான். நாளைக்கு டெஸ்ட்டுக்கு வர்ல, பேர எடுத்துருங்கன்னு சூப்பர்வைசருக்கு போன் பண்ணிட்டேன். உனக்கு ஆனப்புறம் நான் இன்னாத்துக்கு?"

கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேசாமல் இருந்தாலே போதும் என்று ஒரு நொடி தோன்றியது. லிஸ்டில் நான் ஒருத்திதான் மிச்சம். நான் சொன்ன சாட்சி மறுநாள் காலையே உண்மையாகிவிடும். அந்த ஒரு நொடி என் நம்பிக்கை எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் தேடிப்பார்க்கிறேன். பிடிபடவில்லை.

ஜாங்கிரி டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி பண்ணினாள். அவ்வளவுதான், போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டுவிட்டேன். அவசரத்தில் ஸ்பீக்கரையும் தொட்டுவிட்டேன்.

"சார், எஸ்தர் பேசறேன் சார். தேவகி பேர எடுத்துடாதீங்க. எனக்கு எதுவும் ஆவல சார்."

"ஆயிடுச்சுன்னு யாரும்மா சொன்னது?"

"நான்தான் சார்."

"உனக்கு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல சார்."

"ரெண்டு பேரும் காலைல எட்டு மணிக்கு வந்து சேருங்க" என்று வைத்துவிட்டார்.

வாய்வரை போன கேசரியை ஒரு சிஸ்டர் மெதுவாகத் தட்டில் திரும்ப வைத்தார். மோசஸ் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். தேவகிதான் கேட்டாள்:

"ஏங்கா, பொய்யா சொன்ன?"

"பொய் இல்லடி. நம்பிக்கைன்னு நெனச்சிக்கினு..."

"நானுந்தான் நம்பிக்கினு இருந்தேன். ஊர்ல போயி சொன்னனா?"

"மன்னிச்சுக்கடி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சரி, ஜெபம் பண்ணுவோம். இன்னாத்துக்குன்னு கேக்காதீங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் எங்கள் இரண்டு பேருக்காகவும் நன்றாகவே ஜெபம் பண்ணினார். தேவகியும் தலைகுனிந்து நின்றாள்.

மறுநாள் டெஸ்ட்டில் நூறு வாஷர் கொடுத்தார்கள். பிசிறு இருந்த ஒன்பதையும் தேவகி பிடித்துவிட்டாள். நான் பிடித்தது ஆறு. நல்ல வாஷரிலும் நாலை ஒதுக்கியிருந்தேன். வேலை அவளுக்குத்தான். மோசஸின் ஆட்டோவில் பின்சீட்டில் உட்கார்ந்து, வீடு வரைக்கும் அழுதேன். அவளுக்குக் கிடைத்ததில் சந்தோஷமும் நிஜமாகவே இருந்தது. இது இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வருகிறது என்று அழுதுகொண்டே யோசித்தேன். அடுத்த ஞாயிறு மைக்கைக் கேட்டு வாங்கி, நடந்ததை நடந்தபடி சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து சாட்சி சொல்ல யார் எழுந்தாலும் பாஸ்டர் மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நடந்துச்சா, இனிமேதானா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்.

நான் இன்னும் கான்ட்ராக்ட்தான். அடுத்த லிஸ்டுக்கும் பேர் கொடுத்திருக்கிறேன், ஜெபமும் பண்ணுகிறேன், யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டில்தான் தப்பிக்க வழியில்லை. "சோறு ஆயிடுச்சு, வாங்க" என்று கூப்பிட்டால் மோசஸ் இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார்.

"நெஜமா ஆயிடுச்சா, விசுவாசத்துல ஆயிடுச்சா?"

என் மகள் ஓடிப்போய் மூடியைத் திறந்து பார்ப்பாள். "நைனா, அரிசி இன்னும் கொதிக்கவே இல்ல!" என்று கத்துவாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

"அடுப்பு எரியுதில்ல? தட்டப் போடுங்க" என்பேன் நான்.