ஆலோசனை அறைக்கு அடுத்த அறை

உள்ளே போனவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அழுதுகொண்டே வெளியே வந்ததைப் பார்த்ததும் சூப்பர்வைசர் றிஸ்வான் கடைசியாக வந்தவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

நாலந்தாவில் இருந்த அந்த மசாலாத் தொழிற்சாலைக்கு, வேலையாட்களின் மனநலம் பார்க்கவென்று கொழும்புத் தலைமை அலுவலகம் ஆலோசகர் துஷாந்தினி மிஸ்ஸை அனுப்பியிருந்தது. ஆட்கள் நொந்துபோயிருந்தால் சூப்பர்வைசரைத் தூக்கிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. றிஸ்வான், காலியாக இருந்த ஒரே அறையை மிஸ்ஸுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார். கொச்சிக்காய், அதாவது மிளகாய், அரைக்கும் இடத்துக்கும் அதற்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர். வருடக்கணக்காகத் தூளில் கிடந்த அவர் மூக்குக்கு வாசனையும் நெடியும் ஒன்றுதான், அதனால் யோசிக்கவேயில்லை.

"ஏன் அனுஷியா எல்லாரும் அழுவுறீங்க?"

"அழுவலங்க சேர். கொச்சிக்காத் தூளு பலகை இடுக்கால வருது," என்றாள் மெஷின்காரி அனுஷியா.

றிஸ்வான் உடனே ஜன்னலைத் திறக்கச் சொன்னார். வெளியேதான் மிளகாய் சலிக்கும் முற்றம். அழுகையோடு தும்மலும் சேர்ந்துகொண்டது. மிஸ்ஸும் தும்மினார்.

"உள்ள போறப்ப சிரிச்ச முகமா போங்க," என்று றிஸ்வான் ஆட்களைக் கேட்டுக்கொண்டார். அவர்களும் சொல் தட்டாமல், கண்ணீர் வழிய வழியச் சிரித்தார்கள். பின்னேரமே கொழும்பிலிருந்து போன் வந்தது.

"ஆக்கள என்ன பண்றீங்க றிஸ்வான்? அழுவுறதுக்கும் பயப்படுறாங்களாமே."

மறுநாள் றிஸ்வானே மிஸ்ஸின் முன்னால் போய் உட்கார்ந்தார். ஜன்னல் மூடியிருந்தது. பலகைக்கு அந்தப்பக்கம் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது.

"நான் ஒருத்தரையும் ஏசுறதில்ல மிஸ். எல்லாம் கொச்சிக்காத் தூளு செய்ற வேல."

"சரி. நீங்க எப்படி இருக்கீங்க?"

அப்படி யாரும் அவரைக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. நல்லாயிருக்கேன் என்றார். தூக்கம்தான் இல்லை என்றார். லொறி பிந்தினாலும் மெஷின் நின்றாலும் பழி தன் தலையில்தான் என்றார். வீட்டுக்குப் போனால் பேசவே பிடிக்கவில்லை, மனைவி மஸீஹாவும் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டாள் என்றபோது கண் பொலபொலவென்று கொட்டியது.

"அழுங்க, பரவாயில்ல."

"நான் எங்க அழுவுறேன்?" றிஸ்வான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "மெஷின் ஓடுற சத்தம் கேக்குதா? இந்தத் தூளத்தான் மிஸ் நான் சொன்னது. எப்பேர்ப்பட்டவனையும் அழ வச்சிரும்."

பிளேன்டீயோடு உள்ளே வந்த அனுஷியா கோப்பையை மெதுவாக வைத்தாள்.

"மிஸ்ஸுக்குத் தும்மல் நிக்கலன்னு, காலையிலேருந்து கொத்தமல்லிதாங்க சேர் அரைக்கிறோம்."